மிக்சர் நட்டை இறுக்கினால் தீராது: மறுவேலை கோரிப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறையில் சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு குழாய்களை எடுத்துவிட்டு, இரண்டையும் கலந்து தரும், கைஷவருடன் கூடிய மிக்சரை உங்கள் நிறுவனம் பொருத்தியது. மூன்றாம் நாளிலிருந்து இடப்பக்கச் சுடுநீர் நட்டில் கசிவு. உங்கள் ஊழியர் இரண்டு முறை வந்து ஸ்பேனரால் இறுக்கிவிட்டுப் போனார். இறுக்கித் தீர்க்கக்கூடிய கோளாறு அல்ல இது.

மிக்சரின் இரு வாய்களுக்கும் நடுவே 150 மி.மீ. இடைவெளி. சுவரில் உள்ள பழைய குழாய் வாய்களுக்கு நடுவே 184 மி.மீ. இந்த வேறுபாட்டை ஈடுகட்டத்தான் எஸ் வடிவ இணைப்புகள். நீங்கள் போட்டவற்றை அளந்தோம்: ஒவ்வொன்றும் 15 மி.மீ.தான் விலகும். இரண்டையும் முழுக்க உட்பக்கம் திருப்பினாலும் 30 மி.மீ.தான் கிடைக்கும். மீதி 4 மி.மீ.க்காக நட்டைக் கோணலாக ஏற்றியிருக்கிறார்கள். அதனால் வாஷர் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் இடைவெளி விட்டு நிற்கிறது. மேலும் இறுக்கினால் வாஷர் கிழியும், மரையும் தேயும்.

அந்த நட்டின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருப்பதாலும் பயனில்லை. அங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர், மரை அல்ல. டேப் தேவைப்படுவது சுவருக்குள் போகும் அரை அங்குல மரைக்குத்தான்.

எங்களுக்குப் பெருங்கவலை சுவரின் உட்புறம். எல்லாக் குழாய்களையும் கழிவறைத் தொட்டியின் வால்வையும் மூடிவிட்டு, நட்டின் கீழ் அளவுக் கோப்பை வைத்தோம். ஒரு மணி நேரத்தில் சேர்ந்தது 100 மி.லி. வாசலுக்கு வெளியே உள்ள மீட்டர் காட்டியது ஒன்றரை லிட்டர். மீதித் தண்ணீர் எங்கே போகிறது? நட்டை இழுத்துத் திருகியபோது உள்ளே இருக்கும் எல்போ (குழாயை வளைத்து இணைக்கும் முழங்கை இணைப்பு) அசைந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறோம். இந்தக் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் தெரியும்வரை காத்திருக்க முடியாது.

இன்னொன்று. கைஷவரின் பிடியிலேயே அடைப்பான் இருக்கிறது. அதை மட்டும் மூடி மிக்சரைத் திறந்தே வைத்தால், அழுத்தம் அதிகமான குளிர்நீர் மிக்சர் வழியாகச் சுடுநீர்க் குழாய்க்குள் ஏறிவிடுகிறது. அப்போது முகம் கழுவும் தொட்டியின் சுடுநீர்க் குழாயைத் திறந்தால் வருவது வெதுவெதுப்பான நீர்தான். இரு பக்கமும், நீரைத் திரும்பிப் போக விடாத நான்-ரிட்டர்ன் வால்வு வைத்திருந்தால் இது நேராது. ஒன்றுகூட வைக்கவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை:

உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவர் வந்து, சம்பந்தப்பட்ட சுவர் ஓடுகளை (டைல்ஸ்) மட்டும் எடுத்து, இரு எல்போக்களையும் 150 மி.மீ. இடைவெளியில், ஒரே மட்டத்தில், ஓட்டுப் பரப்போடு சமமாக அமைக்க வேண்டும். சுவரை மூடும் முன், முழு அழுத்தத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் மீட்டர் அசையாமல் இருப்பதை எங்கள் முன்னால் காட்ட வேண்டும். நீர்க்காப்புப் பூச்சு, ஓடு, குழாய் சுவரில் நுழையும் இடத்தை மூடும் வளையங்களைச் சுற்றி சிலிக்கோன் பசை, புது வாஷர்கள், இரு நான்-ரிட்டர்ன் வால்வுகள் எல்லாம் உங்கள் செலவில். ஓடு எடுக்க வீவக அனுமதி தேவைப்பட்டால் அதையும் நீங்களே பெற வேண்டும். மரையில் கீறல் விழுந்திருந்தால் மிக்சரையே மாற்றித் தர வேண்டும்.

வேலைக்கு வரும் தேதியை 7 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். மீண்டும் ஸ்பேனரோடு மட்டும் ஆள் அனுப்பினால் உள்ளே விடமாட்டோம். பதில் வராவிட்டால் வேறு பிளம்பரிடம் வேலையை முடித்து, அந்தச் செலவைச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் உங்களிடம் கோருவோம். அளவுகோலோடு எடுத்த படங்களும் மீட்டர் படங்களும் ரசீதின் நகலும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்