காதில் பாட்டோடு வண்டி ஓட்டும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. உனக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, எனக்கும் இன்னும் நாலு வார்த்தை பேசினால் அது சண்டையில்தான் முடியும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். வீட்டுக்குப் போய் நிதானமாகப் படி.

பைக்கின் செயின், அது ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் செட்டாக மாற்றச் சொல்லிவிட்டார்கள், திடீரென்று போய்விட்டது என்றாய். இத்தனை வருஷம் பட்டறை வைத்திருந்தவனிடம் வந்து செயின் திடீரென்று போய்விட்டது என்றால் நான் என்ன சொல்வது? செயின் ஒரே நாளில் போகாது. எண்ணெய் வற்றினால் முதலில் கீச்கீச்சென்று கத்தும். தளர்ந்துபோனால் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் கடக்கென்று ஒரு அடி அடிக்கும். ஸ்ப்ராக்கெட் பல்லெல்லாம் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்த பிறகு வருவது இன்னொரு சத்தம், அதற்குள் பக்கத்தில் போகிறவனுக்கே கேட்க ஆரம்பித்திருக்கும். வாரக்கணக்கில் உன் வண்டி இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, உன் காதில்தான் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

செயின் போனது போகட்டும், அது பணத்தோடு முடிகிற விஷயம். நீ சொன்ன இன்னொரு வார்த்தைதான் ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடியது. "இவ்வளவு நாளாக இப்படித்தான் ஓட்டுகிறேன் அப்பா, ஒன்றும் ஆகவில்லையே." சரிதான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கேட்காமல் போனதை நீ எப்படிக் கணக்கில் வைப்பாய்? நீ தடம் மாறும்போது பின்னால் வந்த யாரோ ஒருவர் ஹாரன் அடித்து, நீ திரும்பாததைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, உன்னைத் திட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த ஆளைப் பற்றி உனக்கு எதுவுமே தெரியாது, உன்னைப் பொறுத்தவரை அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் படாமல் போனதாவது கண்ணாடியில் பிறகு தெரியும். காதில் விழாமல் போனதற்குத் தடயமே கிடையாது. அதனால்தான் 'ஒன்றும் ஆகவில்லை' என்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பாட்டே கூடாது என்கிற ஆள் இல்லை நான், உனக்கே தெரியும். பட்டறையில் காலையிலிருந்து ராத்திரி வரை ரேடியோ ஓடும். ஆனால் ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கிற நேரத்தில் மட்டும் அதை நிறுத்தச் சொல்வேன், பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவார்கள். டேப்பெட் சத்தமா, டைமிங் செயின் சத்தமா, பேரிங் இரைச்சலா என்று பிரித்துச் சொல்ல அமைதி வேண்டும். ஓட்டுகிறவளுக்கு அந்த அளவு நுணுக்கம் தேவையில்லை, ஆனால் அதில் கால்வாசியாவது வேண்டும். எந்த கியரில் இருக்கிறோம், இன்ஜின் திணறுகிறதா என்பதை நீ மீட்டரைப் பார்த்தா தெரிந்துகொள்கிறாய்? காதால்தான். பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுவதும், டயரில் ஏதோ குத்திச் சுற்றுக்கு ஒரு தட்டு தட்டுவதும், வேகம் கூடக் கூட வீல் பேரிங் ஊங்காரம் ஏறுவதும் முதலில் காதுக்குத்தான் வரும்.

காரில் போகிறவர்கள் பாட்டு கேட்கவில்லையா என்று நீ கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. கேட்கிறார்கள். அவர்களுக்கு நான்கு பக்கமும் தகரம் இருக்கிறது, நாலு சக்கரம் இருக்கிறது, ஒரு குழியில் இறங்கினால் தலை குலுங்குவதோடு முடிந்துவிடும். அதோடு கார் ஸ்பீக்கர் பாட்டு வண்டிக்குள் எங்கேயோ ஓடுகிறது, காதின் துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

காது கேளாதவர்கள் வண்டி ஓட்டுகிறார்களே என்றும் ஒரு தடவை சொன்னாய். அது நல்ல கேள்வி, அதை நான் தட்டிவிடப் போவதில்லை. பல நாடுகளில் அவர்களுக்கு உரிமம் தருகிறார்கள், நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னாலிருந்து சத்தம் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கேற்ப கண்ணாடியைப் பார்ப்பதும் தலையைத் திருப்பிப் பார்ப்பதும் சின்ன வயதிலிருந்தே பழகிப்போயிருக்கும். நீயோ காது இருக்கிற நம்பிக்கையில் ஓட்டுகிறாய், ஆனால் காதை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டாய். இரண்டும் ஒன்றில்லை.

அப்புறம் உன் பெரிய சமாதானம், ஒரு காதில் மட்டும்தானே மாட்டுகிறேன் என்பது. சட்டத்தைக் கேட்டால் அதற்கு ஊருக்கு ஒரு பதில் கிடைக்கும். கலிபோர்னியாவில் இரண்டு காதையும் மூடக் கூடாது, ஒரு காதில் மாட்டிக்கொள்ளலாம். பிரான்ஸில் 2015 ஜூலையிலிருந்து ஒரு காதில்கூடக் கூடாது, ஹெல்மெட்டிலேயே பொருத்திய ஸ்பீக்கர் என்றால் பரவாயில்லை என்று வைத்திருக்கிறார்கள். நீ இருக்கிற இடத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள், அதை நான் விவாதிக்கவில்லை. எனக்குக் காதைப் பற்றித்தான் கவலை. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஒரு காதுக்கு முதலிலும் மறு காதுக்குக் கொஞ்சம் தாமதமாகவும் போய்ச் சேருவதால். அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதை வைத்துத்தான் மூளை இடமா வலமா என்று தீர்மானிக்கிறது. ஹெல்மெட் ஏற்கெனவே அதைக் கொஞ்சம் கெடுக்கிறது. நீ ஒரு காதில் பாட்டைப் போட்டுவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க மறு காது இல்லை. ஆம்புலன்ஸ் வருகிறது என்று தெரியும், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாது.

இரைச்சலை நீக்கும் புது மாடல் இயர்பட் வாங்கியிருக்கிறாயே, அது இன்னும் மோசம். அது நன்றாகவே வேலை செய்வதுதான் சிக்கல். அந்தத் தொழில்நுட்பம் அடிக்குரல் சத்தங்களைத்தான் திறமையாக அழிக்கும், அதாவது உன் இன்ஜினின் உறுமலையும், பின்னால் நெருங்குகிற லாரியின் உறுமலையும். வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற வசதியும் இருக்கிறது என்பாய். அது மைக் வழியாகத்தானே விட வேண்டும், ஓடுகிற வண்டியில் அந்த மைக்கில் மோதுவது காற்று. ஹெல்மெட் போடும்போது அந்தச் சின்னக் கருவி கழன்று வருவதும், பஞ்சு அழுத்தித் தானாகப் பாட்டு மாறுவதும், நீ கூப்பிடாமலே எனக்கு அழைப்பு வருவதும் தனிக்கதை. போன வாரம் அரை நிமிஷம் நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன், உன் பக்கம் வெறும் காற்றுச் சத்தம்.

அந்தக் காற்றைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஹெல்மெட்டுக்குள் கேட்கிற பெரிய சத்தம் இன்ஜின் இல்லை, காற்று. தாடைக்குக் கீழேயும் கழுத்தோரமும் ஹெல்மெட்டின் விளிம்பில் காற்று சுழித்து அடிக்கிறது. 60, 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போதே அது 90 டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு) பக்கம் வந்துவிடும், நெடுஞ்சாலை வேகத்தில் 95, 100 என்று ஏறும், விலை அதிகமான ஹெல்மெட்டிலும்தான். தொழிற்சாலைகளுக்கு நிபுணர்கள் பரிந்துரைக்கிற அளவு ஒன்று இருக்கிறது. 85 டெசிபெல் சத்தம் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை அதில் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம். 100 என்றால் 15 நிமிஷம்தான்.

இப்போது நீ பாட்டு போடுகிறாய். 95 டெசிபெல் காற்றுக்கு நடுவே பாட்டு கேட்க வேண்டுமென்றால் அதற்குச் சமமாகவாவது பாட்டு கத்த வேண்டும். காதை அடைக்கிற மாதிரி இறுக்கமான இயர்பட் என்றால் குறைவாக வைக்கலாம், ஆனால் அப்போது வெளிச்சத்தம் உனக்குச் சுத்தமாக இல்லை. இரண்டில் எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம். சோதித்துப் பார்க்க வேண்டுமா? நன்றாக ஓட்டிக்கொண்டு வந்து சிக்னலில் நிற்கும்போது பாட்டு திடீரென்று காதைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். நீ வால்யூமைத் தொடவே இல்லை, காற்றுதான் நின்றது. அதே வால்யூமில்தான் இவ்வளவு தூரமும் உன் காதுக்குள் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. உள்காதில் ஒலியை உணர்கிற நுண்மயிர் செல்கள் ஒரு பக்கத்துக்கு 15,000 அளவில்தான் இருக்கின்றன, மனிதருக்கு அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது பெரும்பாலும் உச்சக்குரல் ஒலிகள். பிறகு ராத்திரி படுத்தால் யாருமில்லாத அறையில் கீ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இவ்வளவு பாட்டுப் பைத்தியமாக இருக்கிற நீ பாட்டுக் கேட்கிற உறுப்பையே இப்படிச் செலவழிக்கிறாயே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

எலும்பு வழியாக ஒலியைக் கடத்துகிற ஹெட்போன் வாங்கட்டுமா, காது திறந்துதானே இருக்கும் என்று கேட்டாய். காது திறந்திருக்கும், கவனம் திறந்திருக்குமா? உனக்குப் பிடித்த பாட்டு ஒன்று வரும்போது கை தானாக முறுக்குகிறதா இல்லையா என்று உண்மையைச் சொல். இது என் வயசான மூளையின் கற்பனை இல்லை. வாரன் பிராட்ஸ்கி என்கிற இசை உளவியலாளர் 2001-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கார் ஓட்டுகிற மாதிரி அமைத்த கணினிச் சோதனையில், பாட்டின் தாளம் வேகமாக ஆக ஆக ஓட்டியவர்களின் வேகமும் கூடியது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது போன்ற தப்புகளும் கூடின. அது உட்கார்ந்த இடத்தில் நடந்த சோதனை, விழுந்தால் அடிபடாது. பிடிக்காத பாட்டு வந்தால் இன்னொரு தொல்லை, மாற்றக் கை போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறாய். இரண்டு நொடி கையும் கவனமும் காதோரம் இருந்தால் முப்பது மீட்டருக்கு மேல் ஒரே கையில் ஓட்டியிருக்கிறாய்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஓட்டும்போது பாட்டு வேண்டாம், எந்தக் காதிலும் வேண்டாம். வழி தெரியாத இடத்துக்குப் போகிறாய் என்றால் ஹெல்மெட்டுக்குள் பொருத்துகிற ஸ்பீக்கர் வைத்துக்கொள், காதுத் துளையை அடைக்காது, வழி சொல்கிற குரல் மட்டும் அவ்வப்போது வந்து போகட்டும். அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். உன் அம்மா அதுவும் வேண்டாம் என்கிறாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீண்ட தூரம் அலுப்பாக இருக்கிறதென்றால் இறங்கி நில், நிழலில் உட்கார்ந்து இரண்டு பாட்டு முழுசாகக் கேட்டுவிட்டுக் கிளம்பு. அப்படிக் கேட்டால்தான் அது பாட்டுக்கும் மரியாதை.

நெடுஞ்சாலைக்கு மட்டும் காதில் வைக்கிற பிளக் வாங்கிக்கொள். சிரிக்காதே, பாட்டு கூடாது என்கிறவன் காதை அடைக்கச் சொல்கிறானே என்று நினைப்பாய். பாட்டு என்பது சத்தத்துக்கு மேல் இன்னொரு சத்தம், ஹாரனை மூடி மறைக்கும். பிளக் எதையும் சேர்ப்பதில்லை, காற்று, ஹாரன் எல்லாவற்றையும் சேர்த்தே குறைக்கிறது. அந்த இரைச்சலில் திணறிக்கொண்டிருந்த காது கொஞ்சம் தெளிகிறது, ஹாரன் காணாமல் போவதில்லை. வேகமே இல்லாத ஊர்ச் சாலைகளில் அது தேவையும் இல்லை, கழற்றிவிடு. சில இடங்களில் பிளக்குக்கும் விதி உண்டு, அதையும் சேர்த்துப் பார்.

பிளக்கை அப்படியே திணித்தால் நிற்காது. விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விடு, அது விரிகிற வரை அரை நிமிஷம் விரலை எடுக்காதே. கை சுத்தமாக இருக்க வேண்டும், கிரீஸ் கையோடு செய்யாதே. முதல் நாள் வண்டியில் வேண்டாம், வீட்டில் போட்டுக்கொண்டு நடந்து பார், உன் குரலே உனக்கு அந்நியமாகக் கேட்கும், குறுகுறுவென்று இருக்கும், இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். நுரையில் செய்தது அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள். வலித்தால் அளவு பெரிது என்று அர்த்தம், சின்ன அளவும் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா