வெள்ளையாக முளைத்த இரண்டு பல்

தருமபுரி,
10.7.2025, இரவு

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அவருக்கு வேலை அதேதான், அத்தைக்கு முட்டிவலி அதேதான், நானும் அதே ஜவுளிக்கடையில்தான் பில் போடுகிறேன். சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதாதது என் தப்பு. திட்டுவதை ஆடி பதினெட்டுக்கு நேரில் வந்து திட்டு. இப்போது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு வேறெதுவும் எழுத வரவில்லை.

பாப்பாவுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. வெள்ளையாக முளைத்திருக்கின்றன, செல்வி. ஊர்ப் போர் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடால் நம் பல்லில் ஏறிய கறை அவளுக்கு இல்லை.

உனக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை வாசற்படியில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, துணி நுனியால் பல்லை ஈரம் போகத் துடைத்தேன். ஈரமாக இருந்தால் சுண்ணாம்புக் கோடு கண்ணுக்குத் தெரியாது, காய்ந்தால்தான் தெரியும். வெயில் போதாமல் செல்போன் டார்ச்சையும் அடித்துப் பார்த்தேன். புதுப் பல்லின் விளிம்பில் ரம்பம் மாதிரி மூன்று சின்ன மேடு இருக்கிறது. அதற்கு மேலே ஈறு வரைக்கும் ஒரே நிறம். கோடு இல்லை, புள்ளி இல்லை. "போதும்மா, வாய் வலிக்குது" என்று அவள் கத்துகிறாள், நான் விடவில்லை. அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார்.

2018 டிசம்பரில் அவளுக்கு எட்டு மாதம். அப்போதுதான் நல்ல தண்ணீருக்காக ஊரில் இருந்த சொந்த வீட்டைவிட்டு இங்கே வாடகைக்கு வந்தோம். பல் டாக்டர் ஒருவர் எனக்குச் சொன்னது இதுதான்: முன்பல் வெளியே வருவது ஏழு வயதில், ஆனால் அதன் மேல்பூச்சு ஈறுக்குள்ளே உருவாவது முதல் நாலைந்து வயதுக்குள், அதிலும் முதல் இரண்டு மூன்று வயதுதான் முக்கியம். எட்டு வயதுக்குள் கடைசியாக முளைக்கிற ஞானப்பல் நீங்கலாக எல்லாவற்றின் மேல்பூச்சும் உள்ளே தயாராகிவிடும். அந்தக் காலத்தில் குடிக்கிற தண்ணீர்தான் பல்லைத் தீர்மானிக்கும். அதற்கு அப்புறம் எந்தத் தண்ணீர் குடித்தாலும் புதிதாகக் கறை ஏறாது, ஏறியதும் போகாது. நாம் இரண்டு பேரும் சாம்பல், உப்பு, எலுமிச்சைத் தோல் என்று தேய்த்துத் தேய்த்து ஈறு புண்ணானதுதான் மிச்சம். கறை மேலே இல்லை, பல்லுக்குள்ளேயே இருந்தது. அது நமக்கு அப்போது தெரியாது, நம் அம்மாக்களுக்கும் தெரியாது.

வீட்டைவிட்டு வந்தபோது யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். பெரியத்தை பேச்சை மட்டும் நான் மறக்கவில்லை. "பல்லுக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுட்டுப் போவா?" ஆறரை வருஷம் வாடகை கொடுத்திருக்கிறோம். 3,500 ரூபாயில் தொடங்கியது இப்போது 6,000. அந்தப் பணத்தில் ஊரில் மாடி கட்டியிருக்கலாம் என்று அவருடைய அண்ணன் போன பொங்கலுக்குக்கூடக் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்போது பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பாப்பாவுக்குப் பால்பல்தானே இருந்தது.

பெண் பார்க்க வந்த அந்த மூன்றாவது வீட்டுக்காரர்கள், "பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குதே, ஏதாவது குறையா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீதான் கதவுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இதை நான் அவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சரி, அது போகட்டும். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் சாக்கடைக்குக் குழி தோண்ட வந்தவர்கள் நல்ல தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை காலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் வருகிற ஒகேனக்கல் தண்ணீர் நின்றுபோனது. இன்றைக்கு, நாளைக்கு என்றே ஒன்பது நாள் ஆகிவிட்டது. நடுவில் லாரியில் தண்ணீர் வந்தது. எங்கே பிடித்தது என்று டிரைவரைக் கேட்டேன். "போர் தண்ணிதான்க்கா, நல்லா இருக்கும்" என்றார். எல்லோரும் குடத்தில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். துணி துவைக்கப் பிடியுங்கள், சோறு வடிக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள், "காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடும்" என்றாள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கெட்டிதான் படும். இதைச் சொல்லிப் புரியவைக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

புரிந்ததும் அதே எதிர்வீட்டு அம்மாள்தான் முதல் ஆளாகப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். ஏழு பெண்கள், ஆளுக்கொரு காலிக் குடத்தோடு போய் அலுவலக வராண்டாவில் உட்கார்ந்தோம். கத்தவில்லை, சண்டை போடவில்லை. குடத்தை வரிசையாக வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தோம். நான் கடைக்கு அரைநாள் லீவு. மூன்றாவது தடவை போனபோது ஒரு பொறியாளர் எங்களோடே தெருவுக்கு வந்து, நின்று, ஒட்டுப் போட வைத்துவிட்டுத்தான் போனார். மறுநாள் விடியற்காலை முதலில் செம்மண்ணாக வந்தது, திறந்துவிட்டோம். அப்புறம் தெளிந்தது. அந்த முதல் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது?

46 கிலோமீட்டர் தாண்டிக் காவிரியில் எடுத்து, சுத்தம் செய்து, மேடேற்றி, என் வாசல் குழாய்க்கு அனுப்புகிறார்கள். 2013 மே மாதம் திட்டத்தைத் திறந்துவைத்தார்கள், ஜப்பான் கடனோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. நாம் பத்தாவது முடித்த 2003-இல் கிருஷ்ணகிரிகூட நம் மாவட்டத்தோடுதான் இருந்தது. அந்த இரண்டு மாவட்டத்துக்கும் இந்தத் தண்ணீர்தான் போகிறது. பத்து வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். நமக்கு அப்போதும் பயன்பட்டிருக்காது, நம் தம்பி தங்கைகளுக்காவது ஆகியிருக்கும்.

இனி எழுதப் போவதை நீ கொஞ்சம் நிதானமாகப் படி.

நாத்தனார் மகனுக்கும் பாப்பாவுக்கும் இரண்டு மாதம்தான் வித்தியாசம். ஊரிலேயே வளர்கிறான். அங்கேயும் குழாய் இருக்கிறது, ஆனால் கடைக்கோடி தெரு. வந்தால் இரண்டு குடம், வராத நாளில் போர் தண்ணீர். அவனுக்கு முன்பல்லில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது, சுண்ணாம்பு தடவினாற்போல். போன வாரம் என் மடியில் உட்கார்ந்து, பாப்பா பல்லையும் தன் பல்லையும் கண்ணாடியில் மாறிமாறிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். உன் தம்பி நல்லம்பள்ளிப் பக்கம் வீடு கட்டி, 800 அடியில் போர் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறானாம். செல்வி, ஃபுளோரைடுக்கு ருசி கிடையாது, நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் பக்கத்துக் கருங்கல் பாறையிலிருந்து கரைந்து வருகிறது. ஆழம் போகப் போகப் பல இடத்தில் அதிகமாகத்தான் இருக்கிறது. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, ஒன்றரையைத் தாண்டவே கூடாது. எங்கள் ஊர் போரில் 3.2 காட்டியது. அத்தை இடுப்பை நிமிர்த்த முடியாமல் நடப்பதற்கும் முட்டி மடங்காததற்கும் வயசுதான் காரணம் என்று இனிமேல் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தம்பி மனைவிக்கு ஆறாம் மாதம் என்றாய். குழந்தை பிறந்து பால் பவுடர் கரைப்பதும், கஞ்சி காய்ச்சுவதும், பருப்பு வேகவைப்பதும் அந்தத் தண்ணீரில்தானே? குடிக்க மட்டும் கேன் வாங்கினால் போதாது, சமையலுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வைத்தால் குறையும். மண்பானையோ, துணி வடிகட்டியோ, மெழுகுவத்தி ஃபில்டரோ இதற்கு உதவாது. பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் நிறையச் சேர்க்கச் சொல்கிறார்கள். அதியமான் ஊரில் நெல்லிக்காய்க்கா பஞ்சம்?

தம்பி என் பேச்சைக் கேட்க மாட்டான், உன் பேச்சைக் கேட்பான். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நீ சொல்லு. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று, சுத்தமானது. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு, கழுத்துவரை பிடித்து இறுக்கி மூடச் சொல். பெயர், ஊர், போர் ஆழம், பிடித்த தேதி எல்லாம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல். காலையில் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போதும், பஸ் ஸ்டாண்டில் நான் வாங்கிக்கொள்கிறேன். குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்துக் காகிதம் வாங்கிவருகிறேன். எனக்கு அங்கே வழி தெரியும்.

அப்புறம், நீ நாற்பதாயிரம் செலவழித்துப் பல்லுக்குக் கேப் போட்டு மூன்று வருஷமாகிறது. போன தடவை கல்யாணத்தில் பார்த்தேன், சிரிக்கும்போது இன்னும் கை வாய்க்குப் போகிறதடி! அந்தக் கையை ஆடி பதினெட்டுக்கு என்னிடம் கொடு, நான் பிடித்துக்கொள்கிறேன். ஒகேனக்கல்லில் வெள்ளம் இல்லாமலிருந்தால் பரிசல் ஏறலாம். பாப்பாவுக்கு இதுவரை காட்டியதில்லை.

வரும்போது பத்தாவது குரூப் போட்டோவை எடுத்து வா. நாம் நாலு பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்போமே, அது. என்னிடம் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது.

உன்,
வசந்தா

கேன் புதிதாக வாங்கச் சொல். எண்ணெய் கேன், பினாயில் கேன் எதுவும் வேண்டாம்.