செங்காந்தள் கிழங்கு முனை ஒடிஞ்சு வந்தது, என் காசு எங்கே?

வணக்கம் சார்/மேடம்,

உங்க கஸ்டமர் கேர்ல பேசிப் பேசி தொண்டை வத்திப்போச்சு, அதான் எழுத்துலயே போட்டுடறேன். நீங்க அனுப்பின செங்காந்தள் கிழங்குல ஒண்ணுத்துக்குக்கூட முனை இல்ல. முனையில இருக்கற அந்தக் குருத்து போச்சுன்னா மிச்சம் வெறும் கட்டைதான்னு விக்கற உங்களுக்கு நானா சொல்லித் தரணும்? கண்ணு இருக்கற எந்தத் துண்டை வெட்டி நட்டாலும் முளைக்க இது என்ன உருளைக்கிழங்கா?

போட்டோ கேட்டீங்க, அனுப்பினேன். வீடியோ கேட்டீங்க, அதுவும் அனுப்பினேன். நட்டுப் பாருங்க முளைக்கும்னீங்க, நட்டேன், அழுகிடுச்சு. அப்புறம் லைன்ல ஒருத்தர் வந்தாரு பாருங்க, பேரு கேட்டா சொல்லல, "சில பேருக்குக் கைராசி இருக்காதுங்க"ன்னு சொல்லிட்டு சிரிக்கறாரு! என் கைராசியா? வேலியோரத்துல மழை பெஞ்சா தானா ஏறிப் பூக்கற கொடிங்க இது, ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே ஏக்கர் கணக்குல போடறாங்க, அவங்களுக்கெல்லாம் மட்டும் கைராசி எங்கேர்ந்து வந்துச்சாம்.

இதுல பாக்கெட்ல விஷம்னு ஒரு வரி கிடையாது. கொல்சிசின்ங்கற விஷம் இருக்கற கிழங்கு சார், வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, எடுத்து வாயில வெச்சிருந்தா யாரு பதில் சொல்றது? மாநிலப் பூன்னு விளம்பரம் மட்டும் பெருசா போடத் தெரியுது.

ஆங், இதை விட்டுட்டேன், நேர்ல கிளைக்குக் கொண்டு வாங்கன்னு சொன்னதும் உங்க ஆளுங்கதான். அழுகின கிழங்கை டப்பாவுல போட்டு வேகாத வெயில்ல பஸ் மாறிப் போனா, ஆன்லைன் ஆர்டர் இங்க பாக்கறதில்லன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க.

காசு பெரிய காசில்லதான். ஆனா ஆடியில நட்டது முளைச்சிருந்தா ஐப்பசி கார்த்திகைக்குள்ள, பச்சையா விரியற இதழ் மஞ்சளாகி செக்கச்செவேல்னு மாறறதைப் பாத்திருப்பேன். இனி அடுத்த மழைக்குத்தான். எனக்கு ஒரு வருஷமே போச்சு, அதை எந்தக் கணக்குல திருப்பித் தருவீங்க?

தயவுசெஞ்சு முழுப் பணத்தையும் 15 நாளுக்குள்ள அனுப்பிடுங்க. இல்லன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுட்டு நேரா நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன், வீடியோ, பில்லு எல்லாம் பத்திரமா இருக்கு. மாத்துக் கிழங்கு வேணாம். பேசணும்னா கூப்பிடுங்க, கண்டிப்பா எடுக்கறேன், அந்தக் கைராசிக்காரர் மட்டும் வேணாம்.

நன்றி.