செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே! வராத உறுப்பினர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

சிறார் வழக்குகளில் வாதாடும் நம் வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. குழந்தைகள் தினத்தன்று, வழக்கில் சிக்கிய சிறாரை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கப்பட்டன. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. நூலகத்துக்கு ஓர் அலமாரி வாங்கப்பட்டது. பூட்டு இன்னும் வரவில்லை.

இனி, இந்த ஆண்டை உண்மையில் விழுங்கிய விஷயத்துக்கு வருகிறேன். 1-7-2024 முதல் இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. போய், பாரதிய நியாய சன்ஹிதா என்ற பி.என்.எஸ். வந்தது. பெரியவர்கள் வழக்கில் இதை எண் மாற்றமாகப் பார்த்துவிட்டுப் போகலாம். சிறார் வழக்கில் முடியாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் குற்றங்களைச் சிறு குற்றம், கடுமையான குற்றம், கொடுங்குற்றம் என்று தண்டனை அளவை வைத்தே பிரிக்கிறது. ஆகவே காவல் நிலையத்தில் முதல் நாள் எழுதும் பிரிவு எண்தான் அந்தப் பிள்ளை எந்த வழியில் போவான் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒரு செல்போன் பறிப்பை எடுத்துக்கொள்வோம். பறிப்புக்கென்று பி.என்.எஸ்.இல் புதிதாக வந்த பிரிவு 304 போட்டால் அதிகபட்சம் 3 ஆண்டு, சிறு குற்றம். கொள்ளை என்று 309(4) போட்டால் 10 ஆண்டு வரை, இரவில் நெடுஞ்சாலை என்றால் 14 வரை. குறைந்தபட்சம் இல்லை என்பதால் கடுமையான குற்றம். கத்தி காட்டியதாக 311 சேர்த்தால் குறைந்தபட்சமே 7 ஆண்டு. அது கொடுங்குற்றம். பையனுக்கு 16 முடிந்திருந்தால், அவனைப் பெரியவரைப்போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் முதனிலை மதிப்பீடு இளைஞர் நீதிச் சட்டப் பிரிவு 15இன்படி நடக்கும், அங்கிருந்து சிறார் நீதிமன்றம் வரைக்கும் கதவு திறந்துவிடும். போன் ஒன்றே, பையன் ஒருவனே, எண் மட்டும்தான் வேறு. இதில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: 311 ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு மட்டுமே பொருந்தும். பைக் ஓட்டிய பையனுக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் முதல் அமர்விலேயே எதிர்க்க வேண்டும். பழைய ஐ.பி.சி. 397க்கும் இதுவே நிலை.

கஞ்சா வழக்கிலும் எடைதான் வகையைச் சொல்லும். ஒரு கிலோ வரை சிறு குற்றம். 20 கிலோவுக்கு மேல் குறைந்தபட்சம் 10 ஆண்டு என்பதால் கொடுங்குற்றம். நடுவில் உள்ளது கடுமையான குற்றம். பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் எடை எப்படி எழுதப்பட்டிருக்கிறது, இலையும் பூவும் தண்டும் சேர்த்து நிறுத்தார்களா என்று பார்க்காமல் வாதத்துக்கு எழுந்திருப்பதில் பயனில்லை.

கடுமையான குற்றம் என்பதற்கான இன்றைய விளக்கம் 2021 திருத்தத்தில் வந்து 1-9-2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஷில்பா மித்தல் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டிய ஓட்டையை அடைக்கக் கொண்டுவந்தார்கள். அடைத்த கையோடு இன்னொன்று விழுந்துவிட்டது. வீட்டுக்குள் திருட்டு, பி.என்.எஸ். பிரிவு 305, அதிகபட்சம் 7 ஆண்டு, குறைந்தபட்சம் இல்லை. புதிய விளக்கத்தின் ஓர் உட்பிரிவு குறைந்தபட்சத் தண்டனை உள்ளதைக் கேட்கிறது, மற்றது அதிகபட்சம் 7 ஆண்டைத் தாண்டியதைக் கேட்கிறது; இரண்டிலும் இது நேராக உட்காரவில்லை. விளக்கம் 'உள்ளடக்கும்' என்ற சொல்லோடு தொடங்குவதால்தான் இழுத்துப் பிடித்து உள்ளே கொண்டுவர முடிகிறது. நம் வட்டாரத்தில் வரும் வழக்குகளில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பதால் எல்லோரும் ஒருமுறை இளைஞர் நீதிச் சட்டப் பிரிவு 2(54)ஐ வரிக்கு வரி படித்துவிடுங்கள்.

இதற்காகத்தான் 'முதல் 24 மணி' அட்டையைக் கொண்டுவந்தோம். அஞ்சலட்டை அளவு, இரண்டு பக்கம். முன்பக்கத்தில் பிடிபட்ட நேரம், 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தும் கடமை, லாக்கப்பும் கைவிலங்கும் கூடாது என்பது, சாதாரண உடையில் வரும் குழந்தை நலக் காவல் அலுவலர், பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல். இளைஞர் நீதி மாதிரி விதிகளில் 8இன்படி கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமோ இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். கிடையாது, பொது நாட்குறிப்பில் பதிவும் படிவம் 1இல் சமூகப் பின்னணி அறிக்கையும் போதும் என்பது தடித்த எழுத்தில் இருக்கிறது.

பின்பக்கம் முழுக்க வயதுச் சான்று. வீட்டார் ஓடிவரும்போது கையில் ஆதாரும் மாற்றுச் சான்றிதழும்தான் இருக்கும், நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து. இரண்டும் போதாது. பிரிவு 94இன் வரிசை: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்; அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று; அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை, உத்தரவிட்ட 15 நாளுக்குள். மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் இந்தப் பிரிவு கேட்கும் ஆவணங்கள் அல்ல என்று யுவபிரகாஷ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு. எனவே முதல் நாளே தலைமையாசிரியரிடம் தனிச் சான்று கேட்டு வாங்க ஆள் அனுப்ப வேண்டும். எலும்புப் பரிசோதனை வரை போனால் இரண்டு வருடம் முன்பின் ஆகலாம்; 17க்கும் 19க்கும் நடுவில் நிற்கும் பையனுக்கு அது சூதாட்டம்.

அட்டையை ஜூனில் அச்சிட்டது செயலாளரின் அவசரம், ஐ.பி.சி. எண்களோடு வந்து வீணாயிற்று என்று செயற்குழுவில் பேசப்பட்டது. பதிவுக்காகச் சொல்கிறேன்: 1-7-2024க்கு முன் நடந்த சம்பவங்களுக்கு இன்றும் ஐ.பி.சி.தான். அந்த வழக்குகள் குழுமத்தில் இன்னும் நிலுவையில் இருக்கின்றன, பழைய அட்டை அவற்றுக்கு அப்படியே உதவுகிறது. மறு அச்சுச் செலவு அலமாரிச் செலவைவிடக் குறைவு.

அட்டை இருந்து என்ன? ஆள் வேண்டும். குழுமம் அமராத நாளில் தனி உறுப்பினர் ஒருவர் முன்பே பிள்ளையை நிறுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை நடப்பது அதுதான். பிரிவு 12இன்படி ஜாமீன்தான் விதி, மறுப்பு விதிவிலக்கு. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். கேட்க ஆளில்லாத இடத்தில் யார் எழுதுவார்கள்? பையன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போய்விடுகிறான். டியூட்டி பட்டியலில் 22 பேர் இருக்கிறோம். ஞாயிறு கையெழுத்துகளைப் புரட்டினால் அதே நான்கு பேர். 'சிக்னல் இல்லை', 'உறவில் விசேஷம்' என்ற பதில்கள் தனிக் கோப்பாக இருக்கின்றன. ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாத பிள்ளையை ஏழு நாளில் மீண்டும் நிறுத்தி நிபந்தனையைத் தளர்த்தக் கேட்க வேண்டும் என்பது 12(4). அந்த ஏழாம் நாளை டைரியில் குறிக்காமல் விட்டவர்கள் யார் என்று இங்கே படிக்கப் போவதில்லை.

முதனிலை மதிப்பீடு பற்றி ஒரு அரைநாள் வகுப்பு நடந்தது. குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்ற 2022 தீர்ப்பும், மூன்று மாதக் கெடு கட்டாயமல்ல, வழிகாட்டுதலே என்ற மே 2024 தீர்ப்பும் பேசப்பட்டன. இரண்டாவதைக் கேட்டுச் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது நல்ல அறிகுறியல்ல. மதிப்பீட்டு உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான்.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் விரிவாகச் சொல்வார். செலவு வரவைச் சற்றே தாண்டியது. முந்தைய இருப்பிலிருந்து சரிக்கட்டப்பட்டது. இருப்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பது சந்தாவைப் பொறுத்தது. மூன்று ஆண்டு பாக்கி வைத்திருக்கும் மூத்த உறுப்பினர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கூட்டத்துக்கு அறை தந்தவர்களுக்கும், அட்டையை மெய்ப்புப் பார்த்த இளம் உறுப்பினர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பிரிவு 24இல் கவனம் செலுத்தலாம் என்று செயற்குழு கருதுகிறது. வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கடந்தபின் அழிக்கப்பட வேண்டிய பதிவுகள், வேலைக்கான காவல் சரிபார்ப்பில் மீண்டும் தலை காட்டுகின்றன. ஒவ்வொரு வழக்கிலும் பதிவு அழிக்கக் கோரும் மனுவை நாமே போட வேண்டியிருக்கும். அதற்கும் ஆள் வேண்டும்.

செயலாளர் பொறுப்புக்கு இதுவரை ஒரு வேட்பு மனுவும் வரவில்லை என்று தேர்தல் அலுவலர் தெரிவித்தார். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, சந்தா ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில்.

செயலாளர்