ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்ற அந்த ஒரு வரி

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தேன். ஏ.என்.ஏ. (நம் செல்லின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) 1:80 பாசிட்டிவ் என்ற வரிக்கு மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாய். வட்டம் போட வேண்டியது அங்கே இல்லை. கீழே பிளேட்லெட் 1,90,000 என்று இருக்கிறதே, அதற்குத்தான்.

1:80 என்றால், உன் சீரத்தை 80 மடங்கு நீர்க்க வைத்த பிறகும் மைக்ராஸ்கோப்பில் செல்லின் உட்கரு பச்சையாக ஒளிர்ந்தது, அவ்வளவே. நோய் எதுவும் இல்லாதவர்களிலேயே பத்தில் ஒருவருக்காவது இந்த அளவு வரும். உன்னைப் போல ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் நாள்பட்டவர்களுக்கு இன்னும் சகஜம். வைரஸ் வருடக்கணக்கில் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களைச் சீண்டிக்கொண்டே இருப்பதால் அவை கண்டதற்கெல்லாம் ஆன்டிபாடி தயாரிக்கின்றன. ஸ்மூத் மசில் ஆன்டிபாடி, ருமட்டாய்டு ஃபேக்டர் எல்லாம் இந்த வழியில் வருபவைதான். மூட்டு வலியோடு ருமட்டாய்டு ஃபேக்டரையும் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். முடக்குவாதத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும் ஆன்டி-சி.சி.பி. டெஸ்ட் பார்க்காமல் அதை ஏற்காதே.

தன் உடலே ஈரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்தானோ என்பது உன் பயம். அதற்கு 2008-இல் வந்த எளிய மதிப்பெண் முறை இருக்கிறது. உனக்கே போட்டுப் பார்ப்போம். ஏ.என்.ஏ. 1:80-க்கு 2. ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஆன்டிபாடி வகை) நார்மல், அதனால் 0. வைரஸ் ஹெபடைடிஸ் இல்லை என்றால் கிடைக்கும் 2 உனக்கு இல்லை, சி வைரஸின் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் பாசிட்டிவ் ஆயிற்றே. மொத்தம் 2. சந்தேகிக்கவே 6 வேண்டும். பயாப்ஸி என்று ஈரல் திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, அது அச்சு அசலாக அந்த நோய் மாதிரியே இருந்தாலும் 4-க்கு மேல் போகாது.

ஆகவே இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாராவது பிரெட்னிசலோன் எழுதித் தந்தால் வாங்காமல் திரும்பி வா. ஸ்டீராய்டு கொடுத்தால் வைரஸ் எண்ணிக்கை ஏறும். முதலில் வைரஸைத் தீர்க்க வேண்டும். அது போன பிறகும் ஈரல் என்சைமான ஏ.எல்.டி. இறங்கவில்லை, ஐ.ஜி.ஜி. ஏறுகிறது என்றால் அப்போது பயாப்ஸி பற்றிப் பேசலாம்.

ஆன்டிபாடி இருப்பவர்களுக்கு ஈரல் சேதம் கூடுதலா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதில் பெரிய அக்கறையும் இல்லை, ஏனென்றால் சேதத்தை நேராகவே அளக்க முடியும். ஈரலில் வடு எவ்வளவு என்று மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கு போடு: வயது 38, இன்னொரு என்சைமான ஏ.எஸ்.டி. 76, பெருக்கினால் 2,888. ஏ.எல்.டி. 100, அதன் வர்க்கமூலம் 10. பிளேட்லெட்டை ஆயிரத்தால் வகுத்தால் 190. இரண்டையும் பெருக்கினால் 1,900. வகுத்தால் 1.52. 1.45-க்குக் கீழே என்றால் முற்றிய வடு இருக்க வாய்ப்பு குறைவு, 3.25-க்கு மேலே என்றால் வாய்ப்பு அதிகம். நீ நடுவில் மாட்டியிருக்கிறாய், அதுவும் கீழ்க்கோட்டை ஒட்டி. வடு முற்றினால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; வட்டம் போடச் சொன்னது அதனால்தான்.

அடுத்தது ஈரலின் கெட்டித்தன்மையை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போ. சாப்பிட்டுவிட்டுப் போனால் ஈரல் இருப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். ஏ.எல்.டி. மிக அதிகமாக இருக்கும்போதும் அதே கோளாறு. 12.5 கிலோபாஸ்கலைத் தாண்டினால் சிரோசிஸ், அதாவது வடு முற்றிய ஈரல், என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் உண்டு, ஈரல் புற்றுக்காக.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதே. கணுக்காலில் கடுகளவு சிவப்புப் புள்ளிகள், பாதத்தில் மரமரப்பு, சிறுநீரில் நுரை: இவற்றில் எது வந்தாலும் கிரையோகுளோபுலின் (குளிரில் படிந்துவிடும் ஆன்டிபாடிப் புரதம்), சி4 (நோய் எதிர்ப்புக்கான ஒரு ரத்தப் புரதம்), சிறுநீர்ப் புரதம் மூன்றும் பார்க்க வேண்டும். கிரையோகுளோபுலின் டெஸ்ட் பெரும்பாலும் கெட்டுப்போவது லேபில்தான். ரத்தத்தை முன்பே சூடாக்கிய குழாயில் எடுத்து, உறைந்து சீரம் பிரியும்வரை 37 டிகிரியில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் 4 டிகிரி குளிர். வெள்ளையாகப் படிகிறதா என்று ஏழு நாள் வரை பார்ப்பார்கள். குழாயைச் சும்மா மேஜையில் விட்டுவைத்தால் அந்தப் புரதம் உறைகட்டியோடு சேர்ந்து கீழே போய்விடும், ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரும். குழாயை எப்படி வைக்கிறார்கள் என்று கேட்க வெட்கப்படாதே.

மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி-க்கான எச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி-எச்.பி.சி. டெஸ்ட் இரண்டும் பார்த்துவிட்டார்களா என்று கேள். சி வைரஸ் அடங்கும்போது ஒளிந்திருந்த பி வைரஸ் தலைதூக்கலாம். சி வைரஸுக்கான மருந்து சோஃபோஸ்புவிர் 400, வெல்பாடாஸ்விர் 100 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை என்றால் தினம் ஒன்று, 12 வாரம். நீ நினைத்தபோதெல்லாம் போடும் அமில மாத்திரை ஒமிப்ரசோல் வெல்பாடாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கும், டாக்டரிடம் மறைக்காதே. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. இல்லை என்றால் குணம். சி வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியைக் காட்டும் ஆன்டி-எச்.சி.வி. அதன் பிறகும் பாசிட்டிவாகவே வரும், திரும்பப் பார்த்துக் கலங்காதே.

அதுவரை மது வேண்டாம். பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. ஃபைப்ரோஸ்கேன் ரிப்போர்ட்டை முழுதாக அனுப்பு, எண்ணை மட்டும் இல்லை, அதில் ஐ.க்யூ.ஆர். என்று, அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் ஒரு வரி இருக்கும், எனக்கு அதுவும் வேண்டும்.

அம்மா