கூலன்டை நிறம் பார்த்து ஊற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்காலக் கார் பராமரிப்பு பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயர், பேட்டரி, ஏசி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால், இன்ஜினைச் சுற்றி ஓடி அதன் சூட்டைத் தணிக்கும், குளிரில் எளிதில் உறையாத திரவமான கூலன்ட் குறைந்திருந்தால் அதே நிறத்தில் ஒரு குடுவை வாங்கி ஊற்றலாம், நம் ஊரில் பனி உறைவதில்லை என்பதால் குழாய்த் தண்ணீரே போதும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இரண்டு யோசனைகளுமே தவறு.

முதலில் நிறம். அது வெறும் சாயம். எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் கிடையாது. டொயோட்டா முன்பு சிவப்பில் தந்தது, பிறகு இளஞ்சிவப்புக்கு மாறியது. ஹோண்டாவுடையது நீலம். ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்கூல் ஆரஞ்சு. பச்சையில்தான் குழப்பம் அதிகம்: இரண்டு ஆண்டு தாங்கும் பழைய வகையும் பச்சை, ஐந்து ஆண்டு தாங்கும் புதிய வகையிலும் பச்சை இருக்கிறது. பெட்ரோல் பங்க் அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பெரும்பாலான கூலன்டுகளில் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான்: எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும். வேறுபடுவது துருவைத் தடுக்கச் சேர்க்கும் ரசாயனம். பழைய வகையில் உள்ள சிலிக்கேட், உலோகத்தின் மேல் முழுவதுமாக ஒரு படலம் போட்டுவிடும். உடனே வேலை செய்யும். சீக்கிரம் தீர்ந்தும் போகும். புதிய வகையான கரிம அமில வகை, அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் போய் ஒட்டுவதால் நீண்ட காலம் உழைக்கும். இந்த இரண்டு முறைகளையும் சேர்த்து நிறுவனங்களே தயாரிக்கும் கலப்பு வகையிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. கடினநீர் அதிகமுள்ள ஐரோப்பாவின் நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்துச் சிலிக்கேட்டைச் சேர்க்கின்றன. ஜப்பானிய நிறுவனங்கள் வாட்டர் பம்ப் சீல் தேயாமலிருக்கச் சிலிக்கேட்டை விட்டுவிட்டுப் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. பொருந்தாத இரண்டைக் கலந்தால் நீண்ட ஆயுளுக்கென்று கொடுத்த பணம் வீண். சில சமயம் அதோடு முடிவதுமில்லை. ஃபோக்ஸ்வாகனின் நீலப்பச்சை ஜி11 கூலன்டுடன் சிவப்பு ஜி12 சேர்ந்தால் பழுப்பு நிறமாகிச் சகதிபோலத் திரளும் என்பது மெக்கானிக்குகள் நன்கு அறிந்த விஷயம். பிறகு வந்த ஜி12 பிளஸ்ஸைத்தான் பழையதோடும் சேரும்படி அந்த நிறுவனம் தயாரித்தது.

அடுத்தது, 'இங்கே ஏது பனி' என்ற வாதம். இதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. வார்ப்பிரும்பு இன்ஜினும் பித்தளை ரேடியேட்டரும் வைத்திருந்த அம்பாசடர் காலத்தில் தண்ணீரை ஊற்றி ஓட்டினார்கள், வண்டியும் ஓடியது. இன்றைய கார்களில் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். தடுப்பு மருந்து இல்லாத தண்ணீர் அலுமினியத்தை அரித்துவிடும். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது.

கொதிநிலையையும் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவதால் அது 130 டிகிரிக்கு அருகில் போகும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் தளர்ந்து, உள்ளே வெறும் தண்ணீர் நிரம்பிய ஒரு கார் ஊட்டிக்குப் போகும் செங்குத்தான கல்லட்டி ஏற்றத்தில் ஏறினால் என்ன நடக்கும்? இன்ஜின் வழக்கமாக ஓடும் வெப்பமே 90ஐத் தொட்டு நிற்கும்.

ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, வண்டியோடு கொடுத்த கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். எந்த வகை, எந்தத் தரம் என்று அதில் இருக்கும். குடுவையின் பின்பக்கத்தில் அதே விவரம் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தியத் தரம் ஐ.எஸ். 5759, ஜப்பானியத் தரம் ஜே.ஐ.எஸ். கே 2234, அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். டி 3306 ஆகியவை வழக்கமாக அச்சிடப்படுபவை. தரமும் இல்லை, கிளைகால் அளவும் இல்லை, பளபளவென்று படம் மட்டும் இருக்கிறது என்றால் வைத்துவிட்டு வாருங்கள். அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் கலக்க வேண்டிய அடர்கரைசலா என்பதையும் படியுங்கள். அடர்கரைசலை அப்படியே ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். கிளைகால் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும் என்பதால் இன்ஜின் இன்னும் சூடாகும்.

உள்ளே இருப்பது எந்த வகை என்றே தெரியவில்லை, கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது என்றால், பொருந்தாத கூலன்டைவிடக் காய்ச்சி வடித்த நீர் மேல். பேட்டரி தண்ணீர் என்று கேட்டால் கடையில் தருவார்கள். இன்ஜின் ஆறிய பிறகு, ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும்படி ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. திரும்பத் திரும்பக் குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஆகியவற்றில் கசிவு தேட வேண்டும். வெளியே எங்கும் ஈரமில்லை, புகைபோக்கியில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

கட்டுரை தொடாத இன்னொன்றையும் அடுத்த இதழில் நாலு வரி எழுதுங்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் நஞ்சு. உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வடித்த பழைய கூலன்டை ஒர்க்‌ஷாப் வாசலில் ஊற்றிவிடுகிறார்கள். தெரு நாய்கள் அதை நக்குகின்றன. மிச்சத்தைக் குளிர்பானப் பாட்டிலில் பிடித்து வீட்டில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், குழந்தைகள் எடுத்துக் குடிக்கும் உயரத்தில்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
ஈரோடு.