பால் கொடுக்கச் சொல்கிறோம், சாய்ந்து உட்காரச் சொல்கிறோமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தாய்ப்பால் வாரத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சீம்பாலின் அருமை, முதல் 6 மாதம் தண்ணீர்கூட வேண்டாம் என்பது, எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் பால் கொடுப்பவளின் முதுகைப் பற்றி ஒரு வரி இல்லை. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், தினம் 4 முதல் 6 மணி நேரம் அந்தப் பெண் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் பச்சை உடம்போடு.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைப்பவள். காலம் பூராவும் மெஷினில் உட்கார்ந்தவளுக்குக் கழுத்து வலி, தோள்பட்டை வலி பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மெஷின் பலகை தாழ்ந்திருந்தால் பிடரி பிடித்துக்கொள்ளும். உயரத்தைச் சரிசெய்தால் விட்டுவிடும். தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள் அதே வலியைத்தான் சொன்னாள். முதலில் வலது தோள்பட்டை, அப்புறம் கழுத்து, கடைசியில் இடுப்பு.

விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: "ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க இல்ல, அதான். இனிமே ஆயுசுக்கும் இருக்கும்." பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம். முதுகில் ஊசியே போடவில்லை. அவளுக்கும் இதே வலிதான். ஊசி குத்திய இடம் சில நாள் நோகும், ஆனால் நாள்பட்ட முதுகு வலிக்கு அந்த ஊசி காரணமில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. பிள்ளைத்தாய்ச்சிக்கு ரிலாக்சின் என்கிற ஹார்மோன் சுரந்து, இடுப்பு மூட்டுகளைக் கட்டிவைத்திருக்கும் நார்களைத் தளர்த்தும். வயிற்றுத் தசையும் விரிந்து வலுவிழந்திருக்கும். இரண்டும் தேற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பாரம் முழுக்க முதுகில்தான். பழியை ஊசி மேல் போட்டுவிட்டால், அவள் எப்படி உட்காருகிறாள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் மகளை நான் பார்த்தேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சம்மணம் போட்டிருந்தாள். குழந்தை மடியில் கிடந்தது. அதன் வாய்க்கு எட்ட வேண்டும் என்று உடம்பையே வளைத்துக் குனிந்திருந்தாள். சரியாகச் சப்புகிறதா என்று பார்க்கத் தலை கவிழ்ந்தது கவிழ்ந்தபடி இருந்தது. குழந்தையைத் தாங்கிய பக்கத்துத் தோள் காது வரை ஏறியிருந்தது. நாம் குழந்தையிடம் குனியக் கூடாது, குழந்தையைத்தான் மார்பு உயரத்துக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத்தான் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் வீடுகளில் சோபா ஏது? நான் லைனிங் துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை இறுக்கி அடைத்து, ஒரு ஜாண் உயரத்துக்கு ஒரு தலையணை தைத்தேன். பழைய லுங்கியில் உறை. இலவம்பஞ்சுத் தலையணை குழந்தையின் எடைக்கு அமுங்கிப்போகும், மறுபடி குனிய வேண்டியதுதான். துணித் துண்டு அமுங்காது. குழந்தையும் தாங்குகிற முழங்கையும் அதன் மேல் இருந்துவிட்டால் தோளுக்கு வேலையில்லை. ஆபரேஷன் செய்தவளுக்குத் தையல் மேல் பாரமும் விழாது. முதுகு சுவரோடு ஒட்ட வேண்டும், இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் இன்னும் நல்லது. காலுக்குக் கீழே மணைப் பலகையைப் போட்டால் மடி உயரும். குழந்தை நன்றாகக் கவ்விப் பிடித்ததும் தோளைத் தளர்த்திச் சாய்ந்துவிடலாம். செல்போனைப் பார்த்துக்கொண்டு கொடுப்பவர்களைப் பற்றி நான் சொன்னால் கிழவி என்பார்கள், சொல்லவில்லை. கழுத்தே சொல்லிவிடும்.

ராத்திரியில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தால் முதுகுக்கு அதைவிட ஓய்வில்லை. எங்கள் தெருப் பெரியவர்கள், "பால் காதுக்குள்ள போயி சீழ் வடியும்" என்று தடுப்பார்கள். குழந்தையையும் தாயைப் பார்த்து ஒருக்களித்துப் போட்டால் அப்படி வழியாது. பயப்பட வேண்டியது தாய் அப்படியே கண்ணயர்ந்துவிடுவதற்குத்தான். பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து, குடித்து முடித்ததும் குழந்தையை அதன் இடத்தில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மாமியாரோ, அம்மாவோ, கணவனோ, யாராயிருந்தால் என்ன?

தண்ணீர் லாரி வந்தால் ஒரு இடுப்பில் குழந்தை, மறு இடுப்பில் குடம் என்று வருகிற பெண்களை வட சென்னையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். தேறாத இடுப்புக்கு இது ஆகவே ஆகாது. குடத்தை வேறொருவர் தூக்கட்டும். குழந்தையையும் எப்போதும் ஒரே பக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது. தரையிலிருந்தோ தூளியிலிருந்தோ எடுக்கும்போது குனியாமல், முட்டி போட்டு, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். கட்டைவிரலை அக்குளில் கொடுத்துத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வீங்கியவர்கள் உண்டு. உள்ளங்கையை அடியில் கொடுத்து வாரி எடுத்தால் அந்த வலி குறையும்.

கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு முதுகு வலி வந்தாலோ இந்தக் கைவைத்தியமெல்லாம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இனி என் கோரிக்கை. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை அரசு 2015-ல் திறந்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் நான் மகளோடு போன ஓர் அறையில் சாய்மானமே இல்லாத பெஞ்சுதான் இருந்தது. புதன்கிழமை தடுப்பூசிக்குப் போன இடத்திலும் அதே கதை; ஊசி போட்டு அழுகிற குழந்தைக்குத் தாய்மார் நுனியில் உட்கார்ந்து பால் கொடுக்கிறார்கள். சுவரை ஒட்டிக் கைப்பிடி வைத்த நாற்காலிகள் நாலும், காலுக்குச் சின்னப் பலகைகளும் போட எவ்வளவு செலவாகிவிடும்? அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மாருக்கு 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் தரும் திட்டமும் அதே 2015-ல்தான் வந்தது. அதுபோன்ற பெட்டகத்தில் கெட்டியான தலையணை ஒன்றைச் சேர்த்து, அதை எப்படி வைப்பது என்று செவிலியர் வார்டிலேயே பத்து நிமிடம் காட்டித் தந்தால், வீட்டுக்குப் போகும் முன்பே அந்தப் பெண் கற்றுக்கொள்வாள். தலையணை தைக்கிற வேலையை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுக்கலாம். வண்ணாரப்பேட்டையில் துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் ஒரு பாட்டி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21